மூன்றாம் தரம் கூப்பிட்டால்

அத்தியாயம் பதினொன்று

கோச் கொடுத்த கெடு இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது.

போன கிழமை டினோஜன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனானே, அதற்குக் காரணம் இதுதான். அரையிறுதி ஆட்டத்திலும் பந்தை விட்டால் அவன் ஆட்டத்தில் இறங்காமல் வாங்குப் பலகையில் குந்த வேண்டும். அன்றைக்குத்தான் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் பிடிக்க ஒருவர் வருகிறார். வாங்கில் குந்துகிறவனை யார் பார்ப்பார்கள்? கொலிஜில் இது அவனுக்குக் கடைசி வருடம். இனி ஒரு சனிக்கிழமை இல்லை.

இது காலால் அடிக்கிற பந்து அல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் முட்டுகிற விளையாட்டு. மத்தியு என்கிற வெள்ளைக்காரப் பெடியன் பின்னுக்கு நின்று பந்தை எறிவான். முன்னுக்கு ஓடுகிறவர்கள் பிடிக்க வேண்டும். பிடிக்கிறவனுக்கு றிசீவர் என்று பெயர். டினோஜன் றிசீவர். இலக்கம் எண்பத்தொன்று. நல்ல கால், நல்ல கை. ஆனால் இந்த வருடம் அவன் ஒரு நொடி பிந்தித்தான் திரும்புகிறான். ஒரு நொடி பிந்தினால் பந்து முதுகில் விழும்.

ஏன் பிந்துகிறான் என்று கோச்சுக்குத் தெரியாது. தாய் றோசலினுக்குத் தெரியாது. தாய்மாமன் அருமைராசாவுக்கும் அன்று காலை பத்து மணி வரைக்கும் தெரியாது.

\*

றோசலின் விடிய எழும்பி றோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஊற்றியாகிவிட்டது. முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. இன்றைக்கு லீவு கேட்டு எடுத்திருந்தாள். பதினொரு மணிக்குக் கோவிலில் றெக்ஸுக்குப் பூசை. நவம்பர் மரித்தவர்களின் மாதம். புருசனுக்கு ஒரு பூசை கூட ஒப்புக்கொடுக்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது.

"அண்ணை, நீங்கள் இவனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் பூசை முடிஞ்சு ஜொய்சியின்ரை காரிலை வாறன். ஒரு வாய் தேத்தண்ணி ஊத்தட்டோ?"

"வேண்டாம். கோப்பி குடிச்சனான்."

அருமைராசா நாலு வருடமாகத் தேத்தண்ணி தொடுவதில்லை. சீனி வருத்தம் என்று சொல்லி வைத்திருக்கிறார். கோப்பிக்கு இரண்டு கரண்டி சீனி போடுவார். றோசலின் அதைப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் கேட்டதில்லை.

அவள் மகனின் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு வழமையான கேள்வி.

"பின்னாலை ஆரும் கூப்பிட்டால்?"

"முதல்தரம் திரும்பக் கூடாது."

"ரெண்டாந்தரம்?"

"அதுக்கும் இல்லை."

"மூண்டாந்தரம்?"

"மனுசர்தான். திரும்பலாம். அம்மா, எனக்குப் பத்தொன்பது வயசு."

"கொப்பருக்கு நாப்பத்தாறு வயசு," என்றாள் றோசலின். அவன் பையைத் தூக்கித் தோளில் போட்டான்.

பேய் மூன்று தரம் கூப்பிடாது, அதற்கு அவ்வளவு பொறுமை இல்லை என்று மன்னார்ப் பக்கத்தில் கடலுக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். அது ஊரில் எல்லோரும் சொல்லுகிற கதை. றோசலினுக்கு அது கதை இல்லை. நாலு வருடத்துக்கு முன் மார்ச் மாதம், லவால் நகரத்துக்கு வடக்கே உறைந்த ஆற்றில் துளை போட்டு மீன் பிடிக்கப் போனான் றெக்ஸ். பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போனான். பக்கத்துக் கொட்டிலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழட்டு வெள்ளைக்காரன் பொலிசுக்குச் சொன்னது இதுதான்: "யாரோ கூப்பிட்டதுபோல அந்த மனிதன் திரும்பினான். நேரே நடந்தான். பிறகு ஆளைக் காணவில்லை."

கூடப் போனவர் அருமைராசா. றோசலின் அவரிடம் ஒருமுறைதான் கேட்டாள். "அண்ணை, ஆரும் கூப்பிட்டதோ?"

"நான் கொட்டிலுக்குள்ளை இருந்தனான். ஒண்டும் கேக்கேல்லை."

அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள். மனிதர் யாரும் கூப்பிடவில்லை என்றால் கூப்பிட்டது எது? அன்றிலிருந்து மகனுக்கு அந்தச் சட்டம். பள்ளிக்கூடம், கடை, மெட்ரோ, எங்கே போனாலும் சட்டம்.

\*

அருமைராசா எண்பதுக்கு மேலே கார் ஓட்ட மாட்டார். வயது போனவன் மெதுவாக ஓட்டினால் ஒன்று கண் தெரியவில்லை, இல்லாவிட்டால் போகிற இடத்துக்குப் போக விருப்பமில்லை. அவருக்குக் கண் நல்லாகத் தெரியும்.

"மாமா, ஒண்டு சொல்லுவன். அம்மாட்டைச் சொல்லக் கூடாது."

"பெட்டை விசயமோ?"

"சீ. பந்து விசயம்."

"அதைக் கணேசலிங்கத்திட்டைச் சொல்லு. அவர்தான் இப்ப உங்கடை கோச்சுக்குக் கோச்."

டினோஜன் சிரிக்கவில்லை. "மத்தியு நீட்டுக்கு எறியேக்கை என்ரை முதுகு அவனுக்கு. எனக்குப் பந்து தெரியாது. அவன் 'டினோ' எண்டு கத்துவான். அதுக்கு நான் திரும்ப வேணும். அது எங்கடை ரெண்டு பேரின்ரை பழக்கம்."

"பிறகென்ன? திரும்பன்."

"அவன் கத்த முன்னம் வேறை ஆரோ கூப்பிடுது."

அருமைராசாவின் கால் தன்பாட்டில் தளர்ந்தது. பின்னால் வந்த லொறி ஹோன் அடித்தது.

"அது ஒருதரம். பேந்து மத்தியு கத்துவான், அது ரெண்டாந்தரம். மண்டைக்குள்ளை அம்மான்ரை கதை. மூண்டாவது வரட்டும் எண்டு கால் ஓடுது. பந்து முதுகிலை."

"ஆயிரம் சனம் கத்துற இடம். உனக்கு அப்பிடிக் கேட்டிருக்கும்."

"அங்கை ஆர் மாமா தமிழிலை கத்துறது? நீங்கள் மூண்டு பேர்தான். நீங்கள் நடுவுக்கு இருக்கிறியள். இது முன்னுக்கிருந்து வருது. ஆத்துப் பக்கத்திலையிருந்து."

கார் பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீர் இன்னும் உறையவில்லை. கறுப்பாக ஓடியது.

"உன்ரை பேரைச் சொல்லியோ கூப்பிடுது?"

டினோஜன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "இல்லை. என்ரை பேர் இல்லை."

அருமைராசா யாருடைய பெயர் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காதவனை நம்பக் கூடாது. அவனுக்கு விடை தெரியும்.

\*

கொலிஜின் பழைய மைதானத்தைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். அதனால் இந்த வருடம் ஆட்டம் எல்லாம் லவாலின் வடக்குக் கரையில், றெக்ஸ் விழுந்த அதே ஆற்றோடு ஒட்டிய மைதானத்தில். ஒரு கோட்டுக்கு அங்காலே றோட்டு. மற்றக் கோட்டுக்கு அங்காலே பத்து யார் தூரத்துக்குப் புல்லு, பிறகு ஆறு. அந்தப் புல்லில் வெள்ளைக் கடற்புறாக்கள் நூறு நூற்றைம்பது எப்போதும் குந்தியிருக்கும்.

கணேசலிங்கமும் தியாகலிங்கமும் முதலே வந்து இடம் பிடித்திருந்தார்கள். கணேசலிங்கம் முப்பது வருடம் டாக்சி ஓடி ஓய்ந்தவர், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிறார். தியாகலிங்கம் லொங்குய்யிலிருந்து மெட்ரோவில் மஞ்சள் லைன், பிறகு ஒறேஞ் லைன், பிறகு பஸ் என்று மூன்று மாறி வருவார். மூன்று வருடத்துக்கு முன் இவர்களுக்கு இந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஒரு தமிழ்ப் பெடியன் விளையாடுகிறான் என்று பார்க்க வந்தார்கள். இப்போது கோச்சுக்கே பிழை சொல்லுகிறார்கள்.

"உந்த மத்தியுவுக்குக் கை இருக்கு, கண் இல்லை," என்று தொடங்கினார் கணேசலிங்கம். "அஞ்சு றிசீவர் ஓடுறாங்கள். உவன் ஒருத்தனைத்தான் பாக்கிறான்."

"அவனுக்குக் கண் இருக்கு. பிடிக்கிறவங்களுக்குத்தான் முதுகிலை கண் இல்லை," என்றார் தியாகலிங்கம். "எனக்கெண்டால் எறியிறதே பிழை. பந்தை வயித்தோடை அணைச்சுக்கொண்டு ஓடினால் விழுந்தாலும் ரெண்டு யார் மிச்சம்."

"நீர் ஊரிலை கிளித்தட்டு மறிச்சு விளையாடின ஆள். உமக்கு ஓட்டம்தான் தெரியும். ரெண்டு யார் ரெண்டு யாராய்ப் போனால் எப்ப காணும் போய்ச் சேருறது? பத்து யார் போக மூண்டு தரம்தான் தருவாங்கள். முதல்தரம் பிழைச்சு, ரெண்டாந்தரமும் பிழைச்சால், மூண்டாந்தரம் உதைச்சு மற்றவனுக்குக் குடுக்கிறதுதான்."

"மூண்டாந்தரமும் எறிஞ்சு பாக்கலாமே."

"பாக்கலாம். பிழைச்சால் போச்சு. மூண்டாந்தரத்தை நம்பி ஆரும் இறங்கமாட்டான். என்ன அருமை அண்ணை?"

அருமைராசா குளிர் என்று சொல்லித் தொப்பியைக் காதுக்கு இழுத்துவிட்டார்.

முதல் பதினைந்து நிமிடம் டினோஜனின் அணி றோட்டுப் பக்கம் ஓடியது. அவன் மூன்று பந்து பிடித்தான். ஒன்று இரண்டு பேருக்கு நடுவில், ஒற்றைக் கையால். கணேசலிங்கம் எழும்பித் துள்ளினார். தியாகலிங்கத்தின் கோப்பி மடியில் ஊற்றுப்பட்டது.

பிறகு பக்கம் மாறினார்கள். இப்போது ஆற்றுப் பக்கம்.

மத்தியு நீளத்துக்கு எறிந்தான். டினோஜன் மறிப்பவனை மூன்று எட்டுப் பின்னால் விட்டுத் தனியாக ஓடினான். திரும்பிப் பிடித்தால் டச்டவுன், ஆறு புள்ளி. அவன் திரும்பவில்லை. பந்து முதுகில் பட்டுத் துள்ளி விழுந்தது.

அடுத்ததும் அப்படியே. சனம் 'ஊ' என்றது. கோச் கையில் இருந்த காகிதத்தை நிலத்தில் அடித்தான். இலக்கம் எண்பத்தொன்று தலையைக் குனிந்துகொண்டு வாங்குக்குப் போனான். பச்சைத் தொப்பி போட்ட ஒரு மனிதர் மேல்வரிசையில் இருந்து எதையோ எழுதினார். அவர்தான் பல்கலைக்கழகத்து ஆள். அவர் நல்லது எழுதியிருக்க மாட்டார்.

"அண்ணை, நான் ஒண்டு கண்டுபிடிச்சிட்டன்," என்றார் கணேசலிங்கம். குரலைத் தாழ்த்தினார். "இந்த மைதானத்திலை நடந்த நாலு ஆட்டமும் என்ரை ஃபோனிலை இருக்கு. இரவிரவாய்ப் பாத்தனான். றோட்டுப் பக்கம் ஓடினால் பிடிக்கிறான். ஆத்துப் பக்கம் ஓடினால் விடுறான். ஒண்டு கூடத் தப்பேல்லை."

"காத்தாயிருக்கும்," என்றார் தியாகலிங்கம்.

"இண்டைக்குக் கொடி ஆடுதோ பாரும்."

கொடி ஆடவில்லை.

"அப்ப வெயில். கண்ணிலை அடிக்கும்."

"போன ஆட்டம் மழை ஐசே. இஞ்சை வாரும், இதைப் பாரும்." ஃபோனை நீட்டினார். "இது செப்டெம்பர் ஆட்டம். பெடியன் ஓடுறான். குருவியளைப் பாரும்."

சின்னத் திரையில் டினோஜன் ஓடினான். கோட்டுக்கு அங்காலே புல்லில் இருந்த கடற்புறாக்கள் அவ்வளவும் ஒன்றாக எழும்பின. அதற்குப் பிறகுதான் மத்தியு வாய் திறந்து கத்தினான்.

"அவன் கத்திறதுக்கு முன்னமே எழும்புது. நாலு ஆட்டத்திலையும் அப்பிடித்தான். ஓடிற பெடியனைக் கண்டு எழும்பினால் ஆத்துப் பக்கம் பறக்க வேணும். இது ஆத்தைப் பாத்துப் பயந்து எங்கடை பக்கம் பறக்குது."

தியாகலிங்கம் பகிடி ஒன்று சொல்ல வாய் எடுத்தார். பிறகு ஃபோனை அருமைராசாவிடம் நீட்டினார்.

அருமைராசா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் மறுபடியும் தொப்பியைக் காதுக்கு இழுப்பதைக் கணேசலிங்கம் கண்டார். குளிர் என்று நினைத்திருப்பார். மற்றவன் ஏன் காதை மூடுகிறான் என்று யாரும் இரண்டாம் தரம் யோசிப்பதில்லை.

\*

இடைவேளைக்கு றோசலின் வந்து சேர்ந்தாள். பூசைக்குப் போன கறுப்புச் சட்டைக்கு மேலே பெரிய குளிர்க்கோட்டு. கையில் பிளாஸ்க், றோல்ஸ் பெட்டி.

"ஏன் இவன் வாங்கிலை?"

மூன்று பேரும் பெட்டியைத் திறந்து றோல்ஸ் எடுத்தார்கள். வாய் நிறைய வைத்துக்கொண்டால் கதைக்கத் தேவையில்லை.

"அண்ணை, உங்களைத்தான் கேக்கிறன்."

"ரெண்டு பந்து விட்டிட்டான்," என்றார் அருமைராசா.

அவள் மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மூன்றாவது பகுதி தொடங்கியது. டினோஜனை இறக்கவில்லை. மற்றப் பக்கத்து அணி நாலு புள்ளி முன்னுக்கு நின்றது. மேல்வரிசையில் பச்சைத் தொப்பிக்காரர் நேரம் பார்த்தார்.

"பூசையிலை ஃபாதர் றெக்ஸின்ரை பேரைச் சொல்லேக்கை," என்றாள் றோசலின் மெதுவாக, "எனக்கு அவர் பின்னாலை நிக்கிற மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பாக்கேல்லை."

அருமைராசா எழும்பினார். முழங்கால் நொந்தது. பொய்யை நாலு வருடம் சுமந்தவனுக்கு முழங்கால் நோகத்தான் செய்யும்.

படியால் இறங்கி வாங்குக்குப் பின்னால் இருக்கிற கம்பி வேலியடிக்குப் போனார். டினோஜன் இரண்டு எட்டு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். கவசம் மடியில்.

"டினோ," என்று கூப்பிட்டார்.

அவன் அசையவில்லை. காது சிவந்தது. கேட்டிருக்கிறது.

"டினோ."

அவனுடைய தோள் இறுகியது. திரும்பவில்லை.

மூன்றாம் தரம் கூப்பிட அருமைராசாவுக்கு நாக்கு எழவில்லை. இதே மாதிரி ஒரு முதுகை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். வெள்ளைக் கட்டிக்கு நடுவே, நீலக் கோட்டுப் போட்ட முதுகு.

"டினோ!"

அவன் திரும்பினான். தகப்பன் திரும்பியது போலவே, இடப்பக்கமாக, பாதிச் சிரிப்போடு. அருமைராசா கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கிட்ட வா. கனக்க நேரமில்லை. கொப்பரைக் கூப்பிட்டது நான்தான்."

"என்ன?"

"பேயில்லை, பிசாசில்லை. நான். கொட்டில் வாசல்லை நிண்டு கூப்பிட்டனான். அவன் திரும்பி என்னட்டைக் குறுக்காலை வந்தான். அந்த இடத்திலை கட்டி மெல்லிசு. எனக்குத் தெரியாது. சத்தியமாய்த் தெரியாது. கொம்மாவுக்குச் சொல்லத் தைரியம் வரேல்லை. அவ சொல்லுற சட்டம் என்ரை பொய்யிலை கட்டினது. விளங்குதோ? பயப்பிட ஒண்டும் இல்லை. முதல் சத்தத்துக்கே திரும்பு."

டினோஜன் அவரைப் பார்த்தபடி நின்றான். கண்ணில் கோபம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. வேறு ஏதோ வந்தது. கணக்குச் சரிவராத பிள்ளையின் பார்வை.

"எத்தினை தரம் கூப்பிட்டனீங்கள்?"

"ஒருதரம்," என்றார் அருமைராசா.

உண்மை சொல்ல வந்த இடத்திலும் மனிதன் கொஞ்சத்தைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொள்வான். நான் கண்ட சனம் எல்லாம் அப்படித்தான்.

மைதானத்தில் விசில் ஊதியது. ஒரு றிசீவர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடந்தான். கோச் திரும்பி, விருப்பமில்லாத முகத்தோடு, எண்பத்தொன்று என்று கையைக் காட்டினான்.

\*

கடைசிப் பகுதி. அருமைராசா மேலே தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். மறுபடியும் ஆற்றுப் பக்கம்.

நேரம் நாலு மணியை நெருங்கியது. நவம்பரில் அந்த நேரத்துக்கே வெயில் சாய்ந்து, ஆளின் நிழல் ஆளைவிட மூன்று மடங்கு நீளும். இன்னும் நாலு புள்ளி பின்னுக்கு. ஒரு நிமிடம் மிச்சம். முதல்தரம் எறிந்தது நிலத்தில் போனது. இரண்டாந்தரம் ஓடியவனை விழுத்திவிட்டார்கள்.

"மூண்டாந்தரம்," என்றார் கணேசலிங்கம். "உதைச்சுக் குடுத்தால் ஆட்டம் முடிஞ்சுது. எறியத்தான் வேணும்."

"எறியட்டும், எறியட்டும்," என்றார் எறிவதே பிழை என்ற தியாகலிங்கம்.

றோசலின் செபமாலையைக் கோட்டுக்குள் பிடித்திருந்தாள்.

பந்து மத்தியுவின் கைக்கு வந்தது. டினோஜன் ஓடினான். மறிப்பவன் ஒரு எட்டுப் பின்னால். மத்தியுவை இரண்டு பேர் நெருங்கினார்கள். அவன் விலகினான், இன்னும் விலகினான்.

ஆற்றங்கரையில் கடற்புறாக்கள் எழும்பின. அவ்வளவும் ஒன்றாக.

டினோஜனின் தோள் ஒருமுறை துடித்தது. ஓடிக்கொண்டே இருந்தான்.

எழும்பிய பறவைகள் நிலத்துக்கு வரவில்லை. ஆகாயத்தில் இடம் மாறிக் கலைந்தன. அவன் தோள் இன்னொருமுறை துடித்தது. அருமைராசா அதைக் கண்டார். ஆயிரம் பேரில் அவர் ஒருவர்தான் பந்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியுவின் நாடியில் ஒருவனுடைய தலைக்கவசம் வந்து அடித்தது. அடி வாங்கிய அதே கணத்தில் அவன் எறிந்தான். வாயில் இருந்து சத்தம் எதுவும் வரவில்லை. வர வழியில்லை.

டினோஜன் திரும்பினான். இடப்பக்கமாக.

பந்து அப்போதுதான் உச்சிக்குப் போய்க் கீழே வரத் தொடங்கியிருந்தது. அவன் இரண்டு கையையும் நீட்டினான். பந்து வந்து இருந்தது. நாலு எட்டில் கோட்டைத் தாண்டினான்.

கணேசலிங்கம் தியாகலிங்கத்தைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். "பாத்தீரோ! இதுதான் பாஸிங்! இதுதான் றிசீவர்! இனியும் ஓடச் சொல்லுவீரோ?"

"இனி ஆயுசுக்கும் சொல்லன்!"

றோசலின் அழுதுகொண்டே சிரித்தாள். பச்சைத் தொப்பிக்காரர் படியில் இறங்கி மைதானத்தை நோக்கி நடந்தார். கோச்சின் பல் முழுக்கத் தெரிந்தது. போன கிழமை கெடு வைத்த அதே வாய்தான்.

அருமைராசா மட்டும் இருந்த இடத்தில் இருந்தார். மத்தியு கத்தவில்லை. அப்படியென்றால் பெடியன் எதற்குத் திரும்பினான்?

\*

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு டினோஜன் வேலியடிக்கு வந்தான். அருமைராசா கீழ்ப்படிக்கு இறங்கினார். பச்சைத் தொப்பிக்காரர் கை கொடுத்து, திங்கட்கிழமை தாயையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாராம். வென்றவனின் முகம் அவனிடம் இல்லை. உதடு வெளிறியிருந்தது.

றோசலின் மேலே சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் பந்தை யார் முதலில் நம்பியது என்று சண்டை பிடித்தபடி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

"நல்லாய்ப் பிடிச்சாய்," என்றார் அருமைராசா. "சொன்ன மாதிரி முதல் சத்தத்துக்கே திரும்பினாய்."

"இல்லை மாமா. மூண்டாந்தரத்துக்குத்தான் திரும்பினனான்."

"மத்தியு கத்தவே இல்லையே."

"அவன் கத்தேல்லை. மூண்டும் அதுதான் கூப்பிட்டது. முந்தி எல்லாம் ஒருதரத்தோடை நிக்கும். இண்டைக்கு மூண்டுதரம்." அவன் ஆற்றைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். "நீங்கள் ஒருதரம்தான் கூப்பிட்டனான் எண்டு சொன்னியள்."

அருமைராசா கீழ்வரிசைப் பலகையில் குந்தினார்.

அன்றைக்கு நடந்தது இதுதான். றெக்ஸ் மன்னாரான், அந்தப் பேய்க்கதை தெரிந்தவன். முதல்தரம் கூப்பிட்டபோது அவன் திரும்பவில்லை. இரண்டாந்தரமும் இல்லை. பகிடிக்குத்தான் விறைத்துக்கொண்டு நின்றான். மூன்றாந்தரம் கூப்பிட, மனிதன்தான் என்று பாதிச் சிரிப்போடு திரும்பினான். சட்டப்படி திரும்பினான். சட்டப்படி நடந்தான். இது உயிரோடு இருக்கிற ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

"றெக்ஸ், றெக்ஸ் எண்டு ரெண்டு தரம்," என்றான் டினோஜன். "மூண்டாந்தரம் முழுக்கச் சொன்னது."

"என்ன சொன்னது?"

"றெக்ஸ், தேத்தண்ணி ஆறுது, வாடா." பெடியன் வேலிக் கம்பியைப் பிடித்தான். "மாமா, அது உங்கடை குரல். நீங்கள் இஞ்சை மேலை இருந்தனீங்கள். நான் திரும்பேக்கை உங்களைக் கண்டனான். உங்கடை வாய் மூடித்தான் இருந்தது."

ஆற்றங்கரைப் புல் வெறுமையாகக் கிடந்தது. கடற்புறா ஒன்று கூடத் திரும்பி வரவில்லை.

பின்னால் பிளாஸ்க் மூடி திருகுப்படும் சத்தம் கேட்டது.

றோசலின் மூன்று படி மேலே நின்றாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. அவள் யாரையும் கூப்பிடவில்லை. மூடியில் தேத்தண்ணி ஊற்றினாள். ஆவி பறந்தது. அதைக் கொண்டுவந்து தமையனுக்குப் பக்கத்தில், பலகையில் வைத்தாள்.

"நாலு வருசமாய் நீங்கள் தேத்தண்ணி குடிக்கேல்லை, அண்ணை," என்றாள். "கோப்பிக்குச் சீனி போடுறதைக் கண்டும், சீனி வருத்தம் எண்டு நானும் நம்பினனான்."

அவர் தேத்தண்ணியைப் பார்த்தார். தங்கையைப் பார்க்க முடியவில்லை.

"சொல்லுங்கோ," என்றாள் றோசலின். "ஆற முன்னம் சொல்லுங்கோ."